பிரெஞ்சு மொழி, குவெர்ட்டி விசைப்பலகை: என் அனுபவம்

ஆண்ட்ராய்டு போனின் தொடுதிரை விசைப்பலகையில் பிரெஞ்சைச் சேர்த்ததுமே எழுத்துகள் இடம் மாறின. ஏ இருந்த இடத்தில் கியூ, டபிள்யூ இருந்த இடத்தில் இசட். எம் மேலேறி எல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இதுதான் பிரான்சின் அசெர்ட்டி (AZERTY) அமைப்பு; ஆங்கிலத்தில் நாம் பழகியது குவெர்ட்டி (QWERTY). கடவுச்சொல் அடிக்கும்போதுதான் பெரிய தொல்லை: புள்ளி மட்டுமே தெரிவதால் பிழை கண்ணில் படாது.

பிரெஞ்சை நீக்கி ஆங்கிலத்திலேயே அடித்தால், தானியங்கித் திருத்தம் சொற்களைச் சிதைத்தது. போனின் மொழிப் பட்டியலில் வரிசையை மாற்றியும் பலனில்லை. கனடா பிரெஞ்சைச் சேர்த்தால் குவெர்ட்டியே வரும்; ஆனால் எனக்குப் பிரான்சின் பரிந்துரைகள்தான் வேண்டும்.

வழி விசைப்பலகையின் சொந்த அமைப்புகளில் இருந்தது. அங்கே 'மொழிகள்' பகுதிக்குப் போய், புதிதாகச் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ள 'பிரெஞ்சு (பிரான்ஸ்)' வரியையே தொட வேண்டும். விசைப்பலகைப் படங்கள் வரிசையாக வரும். பக்கவாட்டில் தள்ளிக் குவெர்ட்டியைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கவும்.

பலர் தவறவிடுவது இங்கேதான். குவெர்ட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் அசெர்ட்டியின் டிக் தானாகப் போகாது. அதையும் எடுக்காவிட்டால் மொழி மாற்றும் பூமி உருண்டைப் பொத்தானை அழுத்தும்போது இரண்டு பிரெஞ்சும் மாறி மாறி வரும். சொற்பரிந்துரை மொழியைச் சார்ந்தது என்பதால் அமைப்பை மாற்றியும் அது அப்படியே இருந்தது.

ஒரே இழப்பு, அசெர்ட்டியில் 'N' எழுத்துக்கு அடுத்திருந்த ஒற்றை மேற்கோள்குறி (') விசை. இப்போது அதற்குக் குறியீட்டுப் பக்கம் போக வேண்டும். 'E' எழுத்தின் மேல் கோடு வேண்டுமென்றால் அந்த விசையை அழுத்திப் பிடித்தால் போதும்.