மல்டிகிளாஸ் ஹவுஸ் ரூல்: எதை வெட்டுவது, எதைக் கொடுப்பது

இந்த ஹவுஸ் ரூல் (நம் மேசைக்கென்று நாமே வைத்துக்கொள்ளும் விதி) டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளுக்கானது. 2024 புத்தகத்தில் டிவைன் ஸ்மைட் (பலடின் கிளாஸ் தன் வெட்டில் கூடுதல் சேதம் சேர்க்கும் திறன்) போனஸ் ஆக்‌ஷனில் போடும் ஸ்பெல்லாகி, ஒரு டர்னுக்கு ஒரு முறைதான் என்றாகிவிட்டதால் அங்கே சிக்கல் குறைவு.

மல்டிகிளாஸை, அதாவது ஒரே கதாபாத்திரம் ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸ்களில் லெவல் எடுப்பதை, மொத்தமாகத் தடை செய்ய வேண்டியதில்லை. ஒன்றிரண்டு லெவல் மட்டும் எடுத்தவருக்கும் மொத்த லெவலோடு சேர்ந்து வளரும் திறன்கள் சிலதான். அவற்றை அந்தந்த கிளாஸின் லெவலோடு கட்டிப்போட்டால் போதும்.

முதலில் கணக்குப் போடுங்கள். 8ஆம் லெவல் பலடினிடம் முதல்நிலை ஸ்லாட் (ஸ்பெல்லுக்கோ ஸ்மைட்டுக்கோ செலவழிக்கும் வாய்ப்பு) 4, இரண்டாம்நிலை 3. முதல்நிலை ஸ்லாட்டுக்கு 2டி8 (இரண்டு எட்டு முகப் பகடை), மேலே ஒவ்வொரு நிலைக்கும் இன்னொரு பகடை; எல்லாமே ஸ்மைட்டுக்குப் போனால் 17டி8, சராசரி 76.5. பலடின் 2, சோர்சரர் 6 என்று பிரித்தவருக்கு ஸ்லாட்கள் 4, 3, 3, 1. அதாவது 34டி8, சராசரி 153. இரண்டு மடங்கு! ஆனால் அவசரப்படாதீர்கள். நான்கு ரவுண்டு சண்டையில் பலடின் எட்டு முறை வெட்டுகிறார், எக்ஸ்ட்ரா அட்டாக் (ரவுண்டுக்கு இரண்டாவது வெட்டு) இல்லாத மற்றவர் நான்கே முறை. அத்தனையும் பட்டாலும் அவருக்கு 5+4+4+4, அதே 17டி8தான். பூமிங் பிளேட் என்ற வெட்டு ஸ்பெல்லைக் க்விக்கன் செய்து (வேகமாக்கி) கூடுதலாக ஒரு முறை வெட்டினாலோ, ஒரே நாளில் அடுத்தடுத்து சண்டை வந்தாலோதான் அவர் முந்துகிறார். உங்கள் மேசையில் அப்படி நடக்கிறது என்றால் மட்டும் இந்த விதி: ஸ்மைட்டின் பலம் அந்த பலடின் லெவலில் கிடைக்கும் உச்ச ஸ்லாட்டைத் தாண்டாது. பலடின் 2 எவ்வளவு பெரிய ஸ்லாட்டைச் செலவழித்தாலும் 2டி8தான். மொத்தம் 22டி8, சராசரி 99.

வார்லாக்கின் எல்ட்ரிச் பிளாஸ்ட் ஸ்பெல் வேறு கதை. அது கேன்ட்ரிப், ஸ்லாட் செலவே இல்லை. வார்லாக் 2, பார்ட் 9 எடுத்தவர், கரிஸ்மா 20 இருந்தால், 120 அடி தூரத்திலிருந்து மூன்று கதிர் விடுவார். ஒவ்வொரு கதிரிலும் கரிஸ்மா கூட்டலைச் சேர்க்கும் அகனைசிங் பிளாஸ்டோடு எல்லாம் பட்டால் சராசரி சேதம் 31.5. கிரேட்ஸ்வார்டு பிடித்த 11ஆம் லெவல் ஃபைட்டருக்கே 36தான். கதிர்களையே குறைத்துவிட்டால் அந்த ஆட்டக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. கதிர்கள் மொத்த லெவல்படி இருக்கட்டும், கரிஸ்மா கூட்டல் மட்டும் வார்லாக் லெவல்படி வரட்டும் (வார்லாக் 2க்கு ஒரு கதிரில் மட்டும்): 21.5. இது நியாயமான இடம்.

ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்விலேயே திரும்ப வரும் வார்லாக்கின் பேக்ட் ஸ்லாட்டை சோர்சரரின் சோர்சரி பாயிண்டாக்கி, அதைத் திரும்ப ஸ்லாட்டாக்கி, லாங் ரெஸ்டே (முழு ஓய்வு) எடுக்காமல் ஷார்ட் ரெஸ்டாகக் குவிப்பதுதான் காஃபிலாக். பேக்ட் ஸ்லாட்டில் வந்த பாயிண்ட் மெட்டாமேஜிக்குக்கு (க்விக்கன் போல ஸ்பெல்லை மாற்றும் திறன்) மட்டும் என்று எழுதிவிடுங்கள், முடிந்தது. ஹெக்ஸ்பிளேட் வகை வார்லாக் முதல் லெவலிலேயே பெறும், கரிஸ்மாவால் வெட்ட விடும் ஹெக்ஸ் வாரியரை வார்லாக் 3க்குத் தள்ளுங்கள்.

வெட்டினால் மட்டும் போதாது. பார்பேரியன் 4, ஃபைட்டர் 4 எடுத்தவர் 8ஆம் லெவலிலும் ஒரே ஒரு வெட்டோடு நிற்பார், அது பாவம். எக்ஸ்ட்ரா அட்டாக் உள்ள ஐந்து கிளாஸ்களின் (பார்பேரியன், ஃபைட்டர், மங்க், பலடின், ரேஞ்சர்) லெவல்களைக் கூட்டி 6 வந்ததும் கொடுங்கள். 5இல் கொடுத்தால் பிரித்ததற்கு விலையே இல்லாமல் போகும். ஃபைட்டர் 11இன் மூன்றாவது வெட்டு ஃபைட்டருக்கு மட்டுமே.

ஏபிலிட்டி ஸ்கோர் (கரிஸ்மா போன்ற அடிப்படை எண்கள்) உயர்வை மொத்த லெவல்படி கொடுப்பது பலரும் செய்வது, பெரும்பாலும் கெட்டுப்போவதும் அதுதான். அந்த உயர்வு தள்ளிப்போவதே ஒரு லெவல் மட்டும் தொட்டுக்கொள்பவர் தரும் முக்கிய விலை. கொடுத்தே ஆக வேண்டுமானால், இரு கிளாஸுக்கும் இடையே வித்தியாசம் இரண்டு லெவலுக்குள் இருப்பவருக்கு மட்டும் கொடுங்கள். மல்டிகிளாஸ் எடுக்கத் தேவையான 13 என்ற குறைந்தபட்ச ஸ்கோரையும் தளர்த்தாதீர்கள். புள்ளி கொடுத்து ஸ்கோர் வாங்கும் பாயிண்ட் பை முறையில் 27 புள்ளியில் 5 அதற்குப் போகிறது, அதுவும் ஒரு விலைதான்.

விதிகளை செஷன் ஜீரோவிலேயே (ஆட்டம் தொடங்கும் முன் கூடும் அமர்வு) எழுதிக் கொடுங்கள். பாதியில் மாற்ற நேர்ந்தால் அடுத்த லெவல் ஏறும்போது அமலாக்கி, பாதிக்கப்பட்டவர் தன் லெவல்களை மறுபடி பிரித்துக்கொள்ள விடுங்கள்.