சென்னைப் புத்தகக் காட்சிக்கு முதல் முறை வருகிறீர்களா? நந்தனத்துக்கு வழி இதோ

பொங்கலை ஒட்டி வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எழும்பூரிலிருந்து ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும்?" ஆட்டோவே வேண்டாம். மெட்ரோ ரயில் உங்களை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு நடக்கும் தூரத்தில் இறக்கிவிடும். அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே மேம்பால வேலை நடக்கும் நாட்களில் சாலை வழியாக வந்தால் பாதி மாலை நெரிசலிலேயே போய்விடும்.

1. கிளம்பும் முன்

வார நாட்களில் காட்சி பெரும்பாலும் பிற்பகல்தான் திறக்கும், விடுமுறை நாட்களில் காலையிலேயே. அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு ஊர் வந்து சேர்பவர்கள் இதைக் கவனிக்காமல் மைதான வாசலில் பையோடு காத்திருப்பதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். முடிந்தால் வார நாளில் வாருங்கள். பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் நின்று நாலு பக்கம் புரட்டிப் பார்க்கக்கூட இடம் இருக்காது.

2. மூட்டையை இறக்கிவிடுங்கள்

நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். அறை எடுக்காதவர்கள் எழும்பூர் அல்லது சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் பையை வைத்துவிடலாம். பூட்டுப் போட்ட பையைத்தான் வாங்குவார்கள், பயணச்சீட்டையும் கேட்பார்கள். ஆகவே ஊரிலிருந்தே ஒரு சின்னப் பூட்டு எடுத்து வாருங்கள். மைதானத்துக்கு வரும்போது கையில் மடித்த துணிப்பைகள் இரண்டு போதும். நெகிழிப் பையில் கெட்டி அட்டைப் புத்தகங்களைப் போட்டால் மூலை குத்திக் கிழிந்துவிடும்.

3. எங்கிருந்து எப்படி

*எழும்பூர்:* மெட்ரோவில் ஏறி அடுத்த நிலையமான சென்ட்ரலில் இறங்குங்கள். அங்கே நீலத் தடத்துக்கு மாறி விமான நிலையம் போகும் வண்டியைப் பிடித்தால் ஆறாவது நிறுத்தம் நந்தனம். ஊரிலிருந்து வரும் ரயிலே சென்ட்ரலில் இறக்கிவிட்டால் மாறும் வேலையே இல்லை.

*தாம்பரம்:* பெரும்பாலான தென்மாவட்ட ரயில்கள் தாம்பரத்தில் நின்றுதான் எழும்பூர் போகும். பை வைக்க எழும்பூர் போகத் தேவையில்லை என்றால் தாம்பரத்திலேயே இறங்கி, கடற்கரை போகும் மின்சார ரயிலில் கிண்டிக்கு வாருங்கள். ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம். கிண்டிக்கு அடுத்து சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம். சின்னமலை வரை மாடி உயரத்தில் ஓடும் வண்டி அதன்பின் சரிந்து நிலத்துக்குள் இறங்கும். சன்னல் இருட்டியதும் எழுந்து நிற்கத் தயாராகிவிடலாம்.

*கிளாம்பாக்கம்:* தென்மாவட்டப் பேருந்துகளின் முனையம் இப்போது இதுதான். மாநகரப் பேருந்தில் கிண்டி வந்து மெட்ரோவுக்கு மாறுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

*கோயம்பேடு:* ஆலந்தூரில் வண்டி மாறி, நந்தனம்.

*விமான நிலையம்:* நேர் வண்டி, ஏழாவது நிறுத்தம்.

4. நந்தனத்தில் மேலேறும்போது

"ஒய்.எம்.சி.ஏ. பக்கம் எந்த வாசல்?" என்று ஊழியரிடம் கேட்டுவிட்டு மேலே ஏறுங்கள். தவறான பக்கம் ஏறினால் அண்ணா சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். 1920-இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியின் மைதானம் இது. கல்லூரி வாசலைத் தாண்டியும் மண் தரையில் கொஞ்சம் நடை இருக்கிறது. வயதானவர்களோடு வந்தால் அந்த நடையையும் கணக்கில் வையுங்கள். தேய்ந்த செருப்பு வேண்டாம், உள்ளேயும் மணிக்கணக்கில் நடக்கப் போகிறீர்கள்.

5. உள்ளே

1977-இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கிய காட்சி, இப்போது நூற்றுக்கணக்கான அரங்குகளாக வளர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. அரங்கு எண்களை முன்கூட்டியே ஒரு தாளில் எண் வரிசையில் எழுதி வாருங்கள். வரிசை வரிசையாகப் போனால் வந்த வழியே திரும்ப நடக்க வேண்டாம். வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு உண்டு. கூட்ட நேரத்தில் கைப்பேசியில் பணம் செலுத்துவது திணறும், வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். நூறு, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கனமான தொகுப்பு நூல்களை முதலில் வாங்காதீர்கள். விலையைக் குறித்துக்கொண்டு, கிளம்பும்போது வாங்குங்கள்.

6. திரும்பும்போது

இரவு ரயில் பிடிப்பவர்கள் மூடும் நேரம் வரை இருக்க வேண்டாம். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மெட்ரோவுக்குள் இறங்கும், வாயிலில் பை பரிசோதனைக்கும் வரிசை நிற்கும். மெட்ரோ பயணச்சீட்டைக் காலையிலேயே கைப்பேசியில் எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். புறப்படுவதற்குச் சற்று முன் எடுப்பதே நல்லது. வந்த வழியே சென்ட்ரல் போய் எழும்பூருக்கு மாறி, பையை மீட்டு, நடைமேடை சேர ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஒரு நாள் தங்குபவர்களுக்கு, வாங்கிய புத்தகங்களைச் சுமக்காமல் ஊர் சேர்க்க இன்னொரு வழி உண்டு. 2025 மே மாதம் அஞ்சல்துறை 'ஞான் போஸ்ட்' என்று புத்தகங்களுக்கென ஒரு சேவை தொடங்கியது. ஐந்து கிலோ வரையிலான பொதிக்கு வரி நீங்கலாக 100 ரூபாய்தான். தரைவழி என்பதால் மெதுவாகத்தான் வரும். மறுநாள் காலை அஞ்சலகத்தில் கேட்டுப் பாருங்கள். அனுப்பும் முன் செய்தித்தாளில் இரண்டு சுற்று சுற்றி, நான்கு மூலைகளிலும் அட்டைத் துண்டு வைத்துக் கட்டுங்கள், அட்டை மடங்காமல் வீடு வந்து சேரும்.