கொடைக்கானல் மலையில் ஜம்ப் சர்வீஸ்: கசீஸ்கியைப் பார்த்துப் பழகுவது எப்படி?

பூம்பாறைப் பக்கம் சாயங்காலம் வாலிபால் ஆடும் தம்பிகள் எல்லாருக்கும் ஜம்ப் சர்வீஸ், அதாவது ஓடிக் குதித்து அடிக்கும் சர்வீஸ் மேல் ஆசை. அடித்தால் பாதி நெட்டில் மாட்டுகிறது, மீதி கீழே பூண்டு வயலில் போய் விழுகிறது. கையில் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடிக்கிறார்கள். குறை டாஸில், அதாவது அடிக்கும் முன் பந்தை மேலே தூக்கி விடுவதில் இருக்கிறது, தம்பி.

இதற்கு நான் பார்க்கச் சொல்லும் ஆள் பல்கேரியாவின் மத்தேய் கசீஸ்கி. 1984இல் சோபியாவில் பிறந்தவர், இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். 2006 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்ற பல்கேரிய அணியில் இருந்தார். இத்தாலியின் ட்ரென்டினோ கிளப்புக்காக 2009 முதல் 2011 வரை தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக், 2012 வரை நான்கு கிளப் உலகக் கோப்பைகள். அதே கிளப்போடு 2023இல் இத்தாலி லீக்கையும் வென்றபோது வயது 38. அந்த வயதிலும் எதிரணி பயந்தது அவருடைய சர்வீஸுக்குத்தான்.

அவர் வீடியோவைப் போட்டால் அடியைப் பார்க்காதீர்கள், பந்து கையை விட்டுக் கிளம்பும் இடத்தைப் பாருங்கள். உயரமாக, முன்னால், கோர்ட்டின் பின்கோட்டைத் தாண்டி உள்பக்கம் போகிறது. அவர் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிக் குதித்து கோர்ட்டுக்குள் இறங்குகிறார். குதிக்கும்போது கால் கோட்டை மிதிக்கக் கூடாது, இறங்குவது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

முதல் வாரம் அடிக்கவே வேண்டாம். ஒரு துண்டை மடித்து, கோட்டிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே போடுங்கள். மூன்று நான்கு மீட்டர் பின்னால் நின்று, அடிக்கிற கையாலேயே, விரல் நுனியால் பந்தை முன்பக்கமாகச் சுழற்றி மேலே விடுங்கள், அப்படியே விழட்டும். பத்தில் எட்டு துண்டுமேல் விழும்வரை இதுதான் வேலை, அலுப்பாக இருந்தாலும் விடாதீர்கள். அப்புறம் காலடி: வலக்கைக்காரர் என்றால் இடது, வலது, இடது, கடைசி இரண்டும் டக் டக்கென்று. விரித்த உள்ளங்கையால் பந்தின் மேல்பாகத்தைத் தொட்டு மணிக்கட்டை மடக்கினால்தான் பந்து சுழன்று கீழே இறங்கும். இரண்டு காலிலும் சேர்த்து இறங்குங்கள், முட்டி தப்பிக்கும். சிமெண்ட் தரையில் தினமும் குதிக்க வேண்டாம்.

சரி, இனி நம் மலைக்கே உரிய விஷயம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுழலும் பந்தைக் கீழே இழுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் காற்றுதான் என்பதால், திண்டுக்கல்லில் கோட்டுக்குள் விழுகிற அதே அடி இங்கே வெளியே போய்விடும். பலத்தைக் கூட்டாமல் சுழற்சியைக் கூட்டுங்கள், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னால் குறி வையுங்கள்.

பந்தையும் கவனியுங்கள். வத்தலக்குண்டில் காற்றடித்து பஸ்ஸில் கொண்டு வந்த பந்து இங்கே கல் மாதிரி இருக்கும், சிப்ஸ் பாக்கெட் மலை ஏறும்போது உப்புகிறதே, அதே கதைதான். அந்தப் பந்தை அடித்தால் மணிக்கட்டு வலிக்கும், எடுப்பவர் கையும் சிவந்துவிடும். மேலே வந்ததும் கொஞ்சம் காற்றை இறக்கி காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் வைத்துப் பாருங்கள், சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை இருக்க வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் ஈரப் பந்து கையில் வழுக்கும், ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னால் துடைத்துவிடுங்கள்.

போட்டிக்குக் கீழே இறங்கினால் இதெல்லாம் தலைகீழ்: பந்து தொய்ந்திருக்கும், சர்வீஸ் நெட்டிலேயே இறங்கும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், காற்றடித்து, இருபது சர்வீஸாவது போட்டுப் பார்த்துவிட்டு ஆட்டத்தில் இறங்குங்கள்.