உடும்பைத் தொந்தரவு செய்யாமல் கவனிக்கும் முறை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து இலையுதிர் காடுகளில் வாழும் வங்க உடும்பு, வால் உட்பட ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. ஆயினும் பெரும்பாலோர் அதைக் காண்பது, அது புதருக்குள் ஓடி மறையும் கடைசி நொடியில்தான். அருகில் செல்ல முயல்வதே இதற்குக் காரணம்.

காப்புக் காட்டுக்குள் செல்ல வனத்துறையின் முன் அனுமதி தேவை. புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் காட்டை ஒட்டிய ஏரிக்கரைகளும் ஓடைக்கரைகளுமே போதுமானவை என்பது என் கருத்து. வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளை சிறந்தது. இரவில் குளிர்ந்த உடலைச் சூடேற்றிக்கொள்ள உடும்பு அப்போது பாறையின் மீதோ புற்றின் மீதோ அசையாமல் படுத்திருக்கும். அந்நேரம் அதை விரட்டினால், இரை தேடும் பொழுதும் அதற்கு வீணாகிறது.

உடும்பைத் தேடுவதற்கு முன் அதன் தடத்தைத் தேடுங்கள். புழுதியிலோ ஈர மணலிலோ இருபுறமும் ஐந்து நக விரல்களின் பதிவுகளும், அவற்றுக்கு நடுவே வால் இழுபட்ட வளைந்த கோடும் தெரிந்தால், அது பெரும்பாலும் உடும்பு சென்ற வழியே. கறையான் புற்று, மரப்பொந்து, வேரடி வளை ஆகியவற்றைத் தொலைவிலிருந்து பைனாகுலரில் பார்க்க வேண்டும்; குச்சியை விட்டுக் குடைவது கூடாது.

இரை தேடும் உடும்பு, பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி மணம் பிடித்தபடி நடக்கும். ஓரிடத்தில் நின்று, முன்னங்கால் நகங்களால் சருகையும் சாணத்தையும் கிளறி வண்டுகளையும் புழுக்களையும் எடுக்கும். இதைக் காண வேண்டுமானால் ஒரே இடத்தில், பேசாமல், நீண்ட நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அது தலையைத் தூக்கி அசைவற்று நின்றால் உங்களைக் கண்டுவிட்டது என்று பொருள். தொண்டையை உப்பிச் சீறினால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள். மரத்தில் ஏறிய உடும்பு தண்டின் மறுபக்கம் ஒளிந்துகொள்ளும். படம் எடுப்பதற்காக மரத்தைச் சுற்றி வருபவர்கள் அதை மேலும் மேலும் உச்சிக்கு விரட்டுகிறார்கள்.

தேதி, நேரம், வெயிலா நிழலா, என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வளையின் சரியான இடத்தை இணையத்தில் வெளியிடாதீர்கள். படத்துடன் இடக்குறிப்பும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள். வேட்டைக்காரர்களும் அதே படத்தைப் பார்க்கிறார்கள்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இடம்பெற்றுள்ளதால், அதைப் பிடிப்பதும் கொல்வதும் கடுங்குற்றமாகும். ஆனாலும் அதன் இறைச்சி உடலுக்கு வலுவூட்டும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கை இன்னும் மறையவில்லை. கஞ்சிரா என்னும் தாள வாத்தியத்துக்கு உடும்புத் தோல் போர்த்துவதும் நீண்டகால வழக்கமாக இருந்தது. வாங்குபவர்கள் ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ போர்த்தியதைக் கேட்டு வாங்கலாம்.

காட்டோரம் நிலம் உள்ளவர்கள் வரப்பிலுள்ள புற்றுகளையும் பட்டுப்போன மரங்களையும் அப்படியே விட்டுவைக்கலாம், நாய்களைத் திரியவிடாமல் கட்டலாம். உடும்பின் முட்டைகள் பொரியப் பல மாதங்கள் ஆகும் என்பதால், தோண்டி மூடிய மண்ணைக் கிளறக் கூடாது. வீட்டுக்குள் உடும்பு புகுந்துவிட்டால் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அப்படியும் வெளியேறாவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள்.