எளிய தீம்தானே என்று இறங்கினால் எங்கே சறுக்கும்?

இணையதளம் உருவாக்க உதவும் மென்பொருளான ஹ்யூகோவில் தளம் தொடங்குபவர்களில் பலர், தளத்தின் தோற்றத்தைத் தரும் ஆயத்தத் தொகுப்பான தீமின் கோப்புகளுக்குள்ளேயே கைவைத்துவிடுகிறார்கள். தலைப்பின் நிறம் பிடிக்கவில்லை, அடியில் ஒரு வரி வேண்டாம், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் செய்தேன். அப்புறம் ஒருநாள் பழைய தீமை அழித்துவிட்டுப் புதிய பதிப்பைப் போட்டதும் அத்தனை திருத்தமும் போய்விட்டது. ஹ்யூகோ ஒரு பக்க அமைப்பை முதலில் உங்கள் தளத்தின் லேஅவுட்ஸ் கோப்புறையில்தான் தேடும். அங்கே இல்லையென்றால்தான் தீமுக்குள் போகும். மாற்ற வேண்டிய கோப்பை மட்டும் அதே பெயரில், அதே உட்பாதையில் லேஅவுட்ஸுக்குள் நகலெடுத்துத் திருத்துங்கள்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டைக் கொண்டு, தீமை வெறுமனே குளோன் செய்து (நகலெடுத்து) உள்ளே வைப்பதும் சிக்கல்தான். கிட் கோப்புகளைச் சேமிக்கும் இணையச் சேவையான கிட்ஹப்பில் தளத்தை ஏற்றினால் அந்தக் கோப்புறை காலியாகத்தான் போய்ச் சேரும். சப்மாட்யூலாக, அதாவது தீமின் மூலத்தைச் சுட்டும் இணைப்பாகச் சேருங்கள்.

சொந்தக் கணினியில் 1313 போர்ட்டில் அழகாகத் தெரிந்த தளம், வெளியிட்டதும் அலங்காரமே இல்லாத வெறும் எழுத்தாக நிற்கிறதா? முதலில் அமைப்புக் கோப்பில் உள்ள பேஸ் யூஆர்எல்லை, அதாவது தளத்தின் முழு முகவரியைப் பாருங்கள். கிட்ஹப்பின் தளம் வெளியிடும் வசதியான கிட்ஹப் பேஜஸில் ஒரு திட்டத்துக்கான தளம் என்றால் முகவரியில் ரெப்போவின் (கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தின்) பெயரும் வரவேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு உண்மையான தலைவலி எழுத்துருதான். எளிய தீம்கள் பல இன்டர் போன்ற எழுத்துருவோடு வருகின்றன. அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. வாசகர் அதை இறக்கிக்கொண்ட பிறகும் தமிழுக்கு அவர் கருவியில் இருப்பதுதான் வரும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ. ஒன்று, நோட்டோ சான்ஸ் தமிழை நீங்களே சேருங்கள். இல்லை, வாசகர் இறக்கிக்கொள்ள வேண்டிய வெப் ஃபான்ட்டையே தூக்கிவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், தளமும் வேகமாகத் திறக்கும். ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியில் தமிழ் நெருக்கியடித்து நிற்கும், 1.7 அளவுக்குக் கூட்டுங்கள். தலைப்புகளில் எழுத்து இடைவெளியைக் குறைத்திருந்தால் அதை நீக்குங்கள், கொம்பும் காலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது இல்லாததால், உலாவி நேர் எழுத்தையே இழுத்துச் சாய்த்துவிடும்.

டெமோவை நம்பித் தீமைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே தலைப்பெல்லாம் மூன்று சின்ன ஆங்கிலச் சொற்கள். 'அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறது' என்று ஒரே சொல்லைத் தலைப்பில் போட்டுக் கைபேசியில் பாருங்கள், திரையைத் தாண்டி ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, 'வாசிக்க 2 நிமிடம்' என்று காட்டும் வசதி. ஹ்யூகோ நிமிடத்துக்கு 213 சொற்கள் என்று கணக்குப் போடுகிறது. நம் நீளமான சொற்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.