ஓஎம்ஆர்ல வேலை, ஷேரிங்ல வீடு: ஒரு வாரத்தை ஓட்டுறது எப்படி

சென்னைக்கு வேலைக்கு வந்த புதுசுல முக்கால்வாசி பேர் பண்றது என்னன்னா, திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் ஆபீஸ் ரூம் ஆபீஸ் ரூம்னு ஓடிட்டு துணி துவைக்கிறது, வீடு கூட்டுறது, காய் வாங்குறது, பேங்க் வேலைன்னு அத்தனையையும் சனிக்கிழமை தலையில கட்டிடுறது. சனிக்கிழமை 11 மணிக்கு எழுந்து துணிய ஊற வச்சிட்டு ஃபோனை கையில எடுத்தா, சாயங்காலம் 5 மணிக்கும் அந்தத் துணி அதே பக்கெட்ல ஊறிக்கிட்டுதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை பிரியாணி, தூக்கம், அவ்ளோதான். அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், வீட்டு வேலைய வாரநாள்ல துண்டு துண்டா முடிங்க, சனி ஞாயிறை காலியா விடுங்க. எப்படின்னு கீழ பாருங்க. இது ஓஎம்ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் ரோட்டை ஒட்டி சோழிங்கநல்லூர், நாவலூர், பெரும்பாக்கம் பக்கம் மூணு நாலு பேரு சேர்ந்து வீடு எடுத்து, வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போறவங்களுக்கு எழுதுறது. சாப்பாட்டோட வாடகைக்கு விடுற பிஜில இருக்கிறவங்க சமையல் பத்தி வர்றத தாண்டிப் போயிடுங்க.

ஞாயிறு சாயங்காலம்

ஒரு மணி நேரம் போதும். முதல்ல காசு. யுபிஐ லைட்னு சின்ன செலவுக்கு ஒரு பர்ஸ் மாதிரி முக்கால்வாசி பேமென்ட் ஆப்ல இருக்கு, அதுல 5000 வரைக்கும் போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1000 வரைக்கும் பின் நம்பர் கேக்காம போகும். டீ, ஆட்டோ, காய்கறி, ஜூஸ், நடுராத்திரி பரோட்டா எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ஒரு தொகை, 2000ன்னு வைங்களேன், ஞாயித்துக்கிழமை அதுல ஏத்திடுங்க. தானா ரொப்பிக்கிற செட்டிங் இருக்கும், அதை கண்டிப்பா ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா இவ்ளோ பண்ணியும் பிரயோஜனமே இல்ல. வியாழக்கிழமையே காசு தீர்ந்துருச்சுன்னா எங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியும், பெரும்பாலும் ஸ்விக்கிதான்.

அடுத்தது துணி. ஆபீஸ் போற மூணு நாளைக்கான சட்டைய தெருமுனை அயர்ன் கடை அண்ணன்கிட்ட குடுத்துடுங்க. ஞாயிறு எல்லாரும் கொண்டு போய்க் கொட்டுவாங்க, அதனால திங்கள் ராத்திரிக்குள்ள கிடைச்சா போதும்னு சொன்னீங்கன்னா சிரிச்ச முகமா வாங்கிப்பாரு. தண்ணி கேனுக்கும் அப்பவே ஃபோன் பண்ணிடுங்க. 20 லிட்டர் கேன் தீர்ந்து போறது எப்பவும் ராத்திரி 10 மணிக்குத்தான், அந்நேரத்துக்கு எந்தக் கடையும் எடுக்காது. யாரு கேன் மாத்துறதுங்கிற சண்டைதான் எல்லா வீட்லயும் முதல் சண்டை, அதனால கடைசி டம்ளர் புடிச்சவன் மாத்தணும்னு சட்டம் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க.

மாவு

இதுக்கு தனியா ஒரு தலைப்பு வேணும், ஏன்னா வாரத்துல பாதி சாப்பாட்டை தாங்குறது இதுதான். கிரைண்டர் இல்லைன்னா பாக்கெட் மாவு வாங்குங்க, ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல, ஆனா பெரிய கடையில ரெண்டு நாளா தூங்குற பாக்கெட்டை விட தெருவுல அரைச்சு விக்கிற அக்காகிட்ட வாங்குறது மேல், சாயங்காலம் 5 மணிக்கு மேல போனா புதுசா அரைச்சது கிடைக்கும். அரைக்க முடிஞ்சா 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், உளுந்தை தனியா பொங்கப் பொங்க ஆட்டி அரிசியோட சேர்த்து உப்பு போட்டு கையால கரைச்சு வைங்க. மே மாசத்துல ராத்திரி 10 மணிக்கு வச்சா விடியக்காலை பாத்திரத்துக்கு வெளிய வழிஞ்சிருக்கும், பாதி பாத்திரத்துக்கு மேல ஊத்தாதீங்க, கீழ ஒரு தட்டு வைங்க. மார்கழியில அதே மாவு காலையில கல்லு மாதிரி உக்காந்திருக்கும், அப்ப அடுப்பு பக்கத்துல வச்சு இன்னும் கொஞ்ச நேரம் விடணும். முதல் நாள் இட்லி, அடுத்த ரெண்டு நாள் தோசை, அதுக்கப்புறம் புளிச்சதும் வெங்காயம் பச்சமிளகா போட்டு ஊத்தப்பம். சட்னிக்கு நேரமில்லையா, இட்லிப்பொடியும் நல்லெண்ணையும் எதுக்கு இருக்கு?

எந்த நாள் ஆபீஸ்

மேனேஜர் விட்டா செவ்வாய், புதன், வியாழன் எடுத்துக்கோங்க. திங்கக்கிழமை காலையில ஊருக்குப் போனவங்க எல்லாம் திரும்பி வர்ற கூட்டமும் சேர்ந்துக்கும், வெள்ளி சாயங்காலம் ஊருக்குக் கிளம்புற கூட்டம், இதுக்கு நடுவுல மாதவரத்துலேருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் வர்ற மெட்ரோவுக்கு ரோட்டை அங்கங்க அடைச்சு வச்சிருக்காங்க. சோழிங்கநல்லூர் சிக்னல்ல நின்னவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

எப்படி போறதுங்கிறது வீடு எங்கங்கிறத பொறுத்தது. மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் இருந்துக்கிட்டு தரமணி, டைடல் பார்க் பக்கம் வேலைன்னா பறக்கும் ரயிலை விட்டா வேற யோசனையே வேண்டாம், திருவான்மியூர் ஸ்டேஷன்ல இறங்கினா டைடல் பார்க் நடந்து போற தூரம், டிக்கெட்டும் டீ காசு கூட ஆகாது. எம்டிசில, அதாவது மாநகர பஸ்ல, 1000 ரூபா மாச பாஸ் இருக்கு, ஏசி பஸ் தவிர எதுல வேணா எத்தனை தடவை வேணா ஏறலாம், ஆனா மூணு நாள் மட்டும் போறவங்களுக்கு கட்டுபடியாகுமான்னு கணக்கு போட்டுட்டு வாங்குங்க. பெண்களுக்கு சாதாரண கட்டண பஸ்ல 2021லேருந்து காசே கிடையாது. 2025ல சென்னை ஒன் ஆப் வந்ததுலேருந்து பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல டிக்கெட் எடுத்துடலாம், சில்லறை இல்லன்னு கண்டக்டர்கிட்ட திட்டு வாங்க வேண்டியதில்ல. பைக்ல போறவங்க 7.30க்கு முன்னாடி கிளம்புங்க, இல்லன்னா 10க்கு மேல, நடுவுல கிளம்புனா வீட்டுலயும் இல்ல ஆபீஸ்லயும் இல்ல.

திங்களும் வெள்ளியும் வீட்லேருந்து வேலை, அப்பதான் வாஷிங் மெஷின். காலை மீட்டிங் ஆரம்பிக்கும்போது போட்டு விட்டா முடியும்போது காயப்போடலாம், மைக் மியூட்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. புதன்கிழமை ஆபீஸ்லேருந்து வரும்போது இறங்குற ஸ்டாப்லயே காய் வாங்கிட்டு வந்துடுங்க, அஞ்சாறு வகை போதும், கீரை மட்டும் வாங்குன அன்னைக்கே சமைக்கணும். வியாழக்கிழமை ஆளுக்கு ஒரு இடம்னு பிரிச்சு வீட்டை கூட்டித் துடைச்சா இருபது நிமிஷத்துல முடிஞ்சிரும், பாத்ரூம் யாருக்குங்கிறது சீட்டுக் குலுக்கல்.

ராத்திரி ஃபோன் கால்

அமெரிக்கா கிளையன்ட் இருக்கிறவங்க இதை கவனமா படிங்க. அங்க மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு பின்னாடி இழுப்பாங்க. நியூயார்க்ல காலை 10.30 மீட்டிங்னா கோடையில நமக்கு ராத்திரி 8 மணி, நவம்பருக்கு அப்புறம் அதே மீட்டிங் 9 மணி. நவம்பர் வந்ததும் எல்லாரும் கால் முடிச்சிட்டு 10.30க்கு சாப்பிட உக்காந்து, ஒரு மணிக்குத் தூங்கி, காலையில முகம் வீங்கி ஆபீஸ் போவாங்க. அதுக்கு வழி, 7.30க்கே சாப்டுட்டு காலுக்கு உக்காருங்க, முடிச்சதும் ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு படுத்துடுங்க. ராத்திரி கால் இருக்கிற நாள்ல காலையில ஒரு மணி நேரம் லேட்டா லாகின் பண்றேன்னு மேனேஜர்கிட்ட முன்னாடியே மெயில்ல கேட்டு வாங்கிடுங்க, வாய்வார்த்தை அப்ரைசல் நேரத்துல நிக்காது. டைம்ஷீட்டையும் தினம் சாயங்காலமே போட்டுடுங்க, வெள்ளிக்கிழமை உக்காந்து செவ்வாய்க்கிழமை என்ன பண்ணோம்னு யோசிச்சா சத்தியமா ஞாபகம் வராது.

கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரும், வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஓனர் தனியா சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்ளோன்னு வாங்குறாருன்னா வீடு பாக்கும்போதே அதை கேட்டுடுங்க, ஏசி போட்டு ரெண்டு மாசம் கழிச்சு கேக்குறதுல அர்த்தமில்ல.

சனி ஞாயிறு

இப்ப கை காலியா இருக்கா? சனிக்கிழமை விடியக்காலையில சோழிங்கநல்லூர்லேருந்து அக்கரை ரோட்டைப் பிடிச்சு ஈசிஆர், அதான் கிழக்கு கடற்கரை ரோடு, போனா கடல், அந்நேரத்துக்கு கூட்டம் இருக்காது. கால் நனைக்கிறதோட நிறுத்திக்கோங்க, ஈசிஆர் கடல் பாக்கத்தான் அமைதி, உள்ள இழுக்கும். வெயில் நேரத்துக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010ல திறந்தது, சொந்த புக்கை கொண்டு போய் படிக்கவும் அங்க இடம் இருக்கு, பரீட்சைக்குப் படிக்கிற பசங்க காலையிலயே வந்துடுவாங்க, சீக்கிரம் போங்க. மீன் நல்லா சமைக்கிற ஆள் ரூம்ல இருந்தா ஞாயிறு விடியக்காலை காசிமேடு மீன் மார்க்கெட். விலை பேசத் தெரிஞ்சவனையும் கூட்டிட்டுப் போங்க, செவுள் சிவப்பா இருக்கான்னு தூக்கிப் பாத்துட்டு வாங்குங்க. பெசன்ட் நகர் பீச்சை ஞாயிறு சாயங்காலம் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போயிடும்.

ஊருக்குப் போற வாரம்

ரயில்ல இப்ப 60 நாள் முன்னாடிதான் முன்பதிவு, தீபாவளி பொங்கல்னா திறந்த சில நிமிஷத்துலயே வெயிட்டிங் லிஸ்ட். தட்கல் முந்தின நாள் ஏசிக்கு காலை 10, ஸ்லீப்பருக்கு 11. 2025 ஜூலைலேருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேணும், அதை இன்னைக்கே பண்ணி வச்சிடுங்க. பாண்டியன், நெல்லை, பொதிகை, மலைக்கோட்டைல போறவங்க எக்மோர் வரைக்கும் எதுக்கு அலையணும், தாம்பரத்துல ஏறுங்க. கோயம்புத்தூர் பக்கம் சேரன், நீலகிரின்னா சென்ட்ரல்தான், திருவான்மியூர்லேருந்து பறக்கும் ரயில்ல பார்க் டவுன் இறங்கி எதிர்ப்பக்கம் போயிடலாம்.

பஸ்ஸுன்னா 2023 டிசம்பர் கடைசியில திறந்த கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட். நாவலூர், சிறுசேரிக்காரங்க தாம்பரம் சுத்தாதீங்க, கேளம்பாக்கம் போய் வண்டலூர் ரோட்டைப் பிடிங்க. வெள்ளிக்கிழமை 5 மணிக்கு முன்னாடி லேப்டாப்பை மூட முடிஞ்சா முதல் ஆளா உக்காரலாம், முடியாதுன்னா 9க்கு மேல கிளம்புங்க. திரும்பி வரும்போது அம்மா கட்டிக் குடுக்குறதுல சாம்பார், குழம்பு வகையறாவ அன்பா மறுத்துடுங்க, இட்லிப்பொடி, பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் வாங்கிக்கோங்க. கருவாடு கொண்டு வர்றதா இருந்தா பேப்பர்ல சுத்தி ரெண்டு கவர் போட்டு ஒரு டப்பால வச்சு இறுக மூடுங்க, ஏசி பஸ்ல முன் சீட்டுக்காரர் விழுப்புரம் வர்றதுக்குள்ள திரும்பிப் பாக்க ஆரம்பிச்சுடுவாரு.