பொள்ளாச்சித் தோப்புச் சாளையை (தோட்டத்து வீட்டை) விருந்தினர் வீடாக்கும் முறை

தோப்பு வேலையும் நிற்கக் கூடாது, நகரத்துக் குடும்பமும் வந்து தங்கி மகிழ வேண்டும் என்றால் முதலில் இடத்தைப் பாருங்கள். டைல்ஸும் கட்டிலும் அப்புறம். நெட்டைத் தென்னையின் மட்டையே 15 அடிக்கு மேல் நீளும். அடிமரத்திலிருந்து 25 அடிக்குள் கூரையோ கார் நிற்கும் இடமோ வேண்டாம். 25 அடிக்கு ஒரு மரம் நட்ட தோப்பில் அப்படி இடம் கிடைப்பது கடினம்தான். அதற்காகக் காய்க்கிற மரத்தை வெட்டாதீர்கள். மரமில்லாத உலர்களத்தை ஒட்டிய பழைய சாளை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டுக் கணவாயால் இங்கே காற்று ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் வரும். மாட்டுக் கொட்டகை இந்த இரண்டு திசையில் எதில் இருந்தாலும் ஒரு பருவம் முழுக்க வாடை வீட்டுக்குள் வரும். வடக்கிலோ தெற்கிலோ நூறடி தள்ளி இருக்கட்டும். சாணியைத் தினமும் அள்ளிவிடுங்கள். வெயில் காலத்தில் ஈயின் முட்டை பத்து நாளுக்குள் ஈயாகிவிடும்.

அதிகம் கெட்டுப்போவது சுவர்தான். பழைய சாளைச் சுவர் மண் சாந்தில் கட்டியது; தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தானே வெளியே விட்டுக்கொள்ளும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு தகடு தகடாகக் கழன்று வரும். சுண்ணாம்புப் பூச்சே சரி. நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது 15 நாள் தண்ணீரில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்துக் குழையுங்கள். இரண்டு பூச்சாக, மொத்தம் அரை அங்குலம் போதும். ஒரு வாரம் ஈரம் காயக் கூடாது. ஆடிக் காற்றில் மதியத்துக்குள் காய்ந்து முடி முடியாக வெடிக்கும். அந்த மாதத்தில்தான் பூசியாக வேண்டுமென்றால் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள்.

கூரைக்கு மங்களூர் ஓடு. சரிவு 30 பாகைக்குக் குறையாமல், அதாவது சுவரிலிருந்து முகடு வரை கிடையாக 10 அடி என்றால் ஐந்தே முக்கால் அடி உயரம் வர வேண்டும். குறைத்தால் சாய்மழை ஓட்டின் இடுக்கில் ஏறும். சட்டத்துக்கு வைரம் பாய்ந்த பனங்கை வாங்குங்கள், கரையான் எளிதில் அண்டாது. இறவாரத்து (கூரையின் கீழ் விளிம்பு) இரண்டு வரிசை ஓட்டைக் கம்பியால் கட்டிவிடுங்கள். காற்று முதலில் தூக்குவது அதைத்தான்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் (கையால் வார்த்த சிமென்ட் டைல்ஸ்) அழகு. பதித்தபின் உமியும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்த்தால் மெருகு ஏறும். ஆசிட் பட்டால் நிறம் போய்விடும். வேலையாட்களிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். ஈரத்தில் வழுக்குவதால் குளியலறைக்குச் சொரசொரப்பான கடப்பாக் கல்.

கழிவுத் தொட்டியும் உறிஞ்சு குழியும் கிணற்றுக்கு 60 அடிக்கு அப்பால், பள்ளமான பக்கம். பம்புசெட்டின் இலவச மின் இணைப்பிலிருந்து சாளைக்கு ஒயர் இழுக்கக் கூடாது. தனி இணைப்பு வாங்குங்கள். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசின் குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் பதிய வேண்டும்.

காய் வெட்டும் நாளையும் மருந்தடிக்கும் நாளையும் முன்பதிவுக் காலண்டரில் முதலிலேயே குறித்துவிடுங்கள். வெட்டு நாளில் குழந்தைகள் களத்து வேலிக்கு இந்தப் பக்கமே நிற்கட்டும். மருந்தடித்தால் அன்றும் மறுநாளும் யாருக்கும் அறை தர வேண்டாம்.